தரையில் கோடு போட்டு ஆடியவையும் திரையில் ஆடுபவையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடியோ கேம் செய்யக் கற்றுக்கொள்ள என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் நாள் ஒரு சாக்பீஸும் ஒரு கைப்பிடி புளியங்கொட்டையும்தான் கொடுக்கிறேன். கணினி அப்புறம். ஏன் இப்படி என்று அவர்களும் அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோரும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். விதிகள் ஊருக்கு ஊர் மாறும். நான் சொல்வது தென்காசிப் பக்கம் எங்கள் ஆச்சி வீட்டில் ஆடிய முறை.

தாயத்துக்கும் பப்ஜிக்கும் என்ன சம்பந்தம்?

படத்தையும் சத்தத்தையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். மிஞ்சுவது விதி மட்டும்தான்: எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, செய்தால் என்ன கிடைக்கும், எப்போது முடியும். ஆட்டம் என்பது அந்த விதிகள் நம் மனதுக்குள் கிளப்பிவிடும் பதைப்பும் ஆசையும் கணக்கும்.

தாயத்தில் எதிராளியின் ஒரு காயையாவது வெட்டினால்தான் உள்சுற்றுக்குள் போகலாம். இந்த விதி இல்லையென்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் மலைக்கு மலை (வெட்ட முடியாத கட்டம்தான் மலை) பதுங்கிப் பதுங்கிப் போய்த் தம் காயைப் பழமாக்கிவிட்டு, அதாவது கடைசிக் கட்டத்தில் சேர்த்துவிட்டு, எழுந்துவிடுவார்கள். நாலு பேர் ஒரே கட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து தனித்தனியாக ஆடியதுபோல ஆகிவிடும். வெட்டியே தீர வேண்டும் என்பதால்தான் ஒருவரையொருவர் தேடிப் போகிறோம். 2017இல் வந்த பப்ஜியில் 100 பேர் ஒரு பெரிய தீவில் இறங்குகிறார்கள். அங்கேயும் இதே சிக்கல்: ஆளாளுக்கு ஒரு வீட்டுக்குள் ஒளிந்துகொண்டால் ஆட்டமே நடக்காது. அதற்காகத்தான் ஆடுகளத்தின் வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது. ஒதுங்கி இருப்பவர்களை நேருக்கு நேர் நிறுத்துவதுதான் இரண்டு விதிகளின் வேலையும்.

வீடியோ கேம்கள் உண்மையிலேயே பழைய ஆட்டங்களிலிருந்து வந்தவையா?

நேரடியாக வந்தவை நிறைய உண்டு. 1952இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஏ. எஸ். டக்ளஸ் எட்சாக் கணினியில் எழுதிய விளையாட்டு, நாம் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஆடும் அதே பூஜ்யம்-பெருக்கல் ஆட்டம். 1972இல் வந்த பாங், மேசைப்பந்தை இரண்டு கோடுகளும் ஒரு புள்ளியுமாகச் சுருக்கியது. 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் செய்த டெட்ரிஸ், ஐந்து சதுரங்கள் சேர்ந்த துண்டுகளைப் பெட்டிக்குள் அடுக்கும் புதிரிலிருந்து பிறந்தது. அவர் ஐந்தை நாலாகக் குறைத்தார், ஏழு வடிவங்கள் கிடைத்தன. நின்டெண்டோ 1889இல் கியோட்டோவில் தொடங்கப்பட்டபோது செய்தது ஹனாஃபுடா என்னும் 48 பூச்சீட்டுகள் கொண்ட சீட்டுக்கட்டு.

நம் பக்கத்தில் தெளிவாகத் தெரியும் சங்கிலி, தாயத்தைப் போன்ற பச்சீஸி என்ற ஆட்டத்துடையது. இந்தியப் பச்சீஸியை எளிதாக்கி 1896இல் இங்கிலாந்தில் லூடோ என்று காப்புரிமை வாங்கினார்கள். அந்த லூடோ 2016இல் லூடோ கிங் என்ற செல்போன் ஆட்டமாக இந்தியாவுக்கே திரும்பி வந்தது. 2020 ஊரடங்கில் வீட்டுக்கு வீடு அதுதான் ஓடியது.

அதற்காக எல்லாமே இங்கிருந்து போனது என்று நான் சொல்ல மாட்டேன். பல்லாங்குழியின் உறவுக்கார ஆட்டங்கள் ஆப்பிரிக்கா முழுக்க இருக்கின்றன. ஓடிப்பிடித்து ஆடாத ஊர் உலகில் ஏது? யார் முதலில் கண்டுபிடித்தார்கள் என்பதைவிட, ஒரு விதி ஏன் இத்தனை காலம் தாங்கி நிற்கிறது என்பதே கேம் செய்கிறவருக்கு உதவும் கேள்வி.

பல்லாங்குழியில் ஒரு வடிவமைப்பாளர் கவனிக்க வேண்டியது என்ன?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஆளுக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்து முத்து, மொத்தம் 70. உங்கள் பக்கத்துக் குழி ஒன்றிலிருந்து அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கையில் இருப்பது தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அடுத்தது வெறுங்குழி என்றால் அதைத் துடைத்துவிட்டு அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அத்தோடு உங்கள் முறை முடிந்தது.

இதில் பகடை இல்லை, மறைத்து வைத்த சீட்டு இல்லை. எல்லாமே கண்முன் இருக்கிறது. ஆனாலும் ஒரு குழியை எடுத்தால் எங்கே போய் முடியும் என்பதை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது லேசான காரியமில்லை. அள்ளு, போடு, மறுபடி அள்ளு என்று ஒரு கை நீண்டுகொண்டே போகும்போது வருகிற சந்தோஷம், இன்றைய மிட்டாய் அடுக்கும் ஆட்டங்களில் ஒரு வரிசை உடைந்து அது இன்னொரு வரிசையை உடைக்கும்போது வருகிறதே, அதேதான்.

அதைவிடப் பெரிய விஷயம் பசு. ஆட்டத்தின் நடுவில் ஒரு குழியில் சரியாக நாலு முத்து சேர்ந்தால் அது பசு. குழிக்குச் சொந்தக்காரர் அதை எடுத்துக்கொள்ளலாம். போடுகிறவர் எதிராளியாக இருந்தாலும் சரி. முறை வைத்து ஆடும் எந்த ஆட்டத்துக்கும் உள்ள நோய், மற்றவர் ஆடும்போது நமக்கு வேலை இல்லாமல் போவது. பசு அந்த நோய்க்கு மருந்து. எதிராளி போடப் போட, என் குழியில் மூன்று நாலாகிறதா என்று நான் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். பார்க்கத் தவறினால் அடுத்த முத்து விழுந்து ஐந்தாகிவிடும், பசு போச்சு. ஒரே ஒரு வரி விதிதான். அது காத்திருக்கும் நேரத்தையும் ஆட்டமாக்கிவிட்டது.

குறையும் உண்டு. தோற்றவர் அடுத்த சுற்றில் தன்னிடம் இருக்கும் முத்துகளைக் கொண்டு எத்தனை குழியை நிரப்ப முடியுமோ அத்தனையோடுதான் ஆட வேண்டும். நிரம்பாத குழிகள் ஆட்டத்தில் சேராது. முன்னால் போனவர் மேலும் முன்னால் போவார். பல வியூக விளையாட்டுகளிலும் இதே தலைவலி இருக்கிறது: பாதியிலேயே முடிவு தெரிந்துவிடும், ஆனால் ஆட்டம் முடியாது.

எளிய விதி என்றால் ஆழம் இருக்காது என்று யாராவது சொன்னால் அவர்களிடம் அவாரியைப் பற்றிச் சொல்லுங்கள். பல்லாங்குழியின் மேற்கு ஆப்பிரிக்க உறவு அது: 12 குழி, 48 விதை. 2002இல் ஆம்ஸ்டர்டாமில் ஜான் ரோமைன், ஹென்றி பால் என்ற இருவர் அதில் வரக்கூடிய சுமார் 88,900 கோடி நிலைகளையும் கணினியில் அலசினார்கள். இருவரும் பிழையே இல்லாமல் ஆடினால் ஆட்டம் சமனில் முடியும் என்று தெரியவந்தது.

தாயம் விழாமல் உட்கார்ந்திருப்பது நல்ல வடிவமைப்பா?

கணக்கைப் பார்ப்போம். ஒவ்வொரு தாயக்கட்டையிலும் வெறுமை, 1, 2, 3 என்று நாலு பக்கம். இரண்டு கட்டைக்கு 16 விதமான விழுகைகள். ஒன்றில் புள்ளி ஒன்று, மற்றதில் வெறுமை விழுந்தால் தாயம்; காயைக் களத்தில் இறக்க அது விழ வேண்டும். அது 16இல் இரண்டு, அதாவது எட்டில் ஒன்று. பத்து முறை உருட்டியும் தாயம் விழாமல் போக நாலில் ஒன்றுக்கும் சற்று அதிகமான வாய்ப்பு இருக்கிறது. நாலு பேர் ஆடினால் யாராவது ஒருவர் வெகுநேரம் வெளியே உட்கார்ந்திருப்பார் என்பது ஏறக்குறைய உறுதி.

திண்ணையில் இது பெரிய குறையாகத் தெரிவதில்லை. வெளியே இருப்பவரைக் கேலி செய்ய ஆள் இருக்கிறது, பேச்சு இருக்கிறது, தட்டில் முறுக்கு இருக்கிறது. கடைசியில் தாயம் விழும்போது கத்துகிற கத்தலில் தெருவே திரும்பிப் பார்க்கும். தனியாக ஒரு செல்போனோடு இருப்பவருக்கு இதெல்லாம் இல்லை. அவர் ஆட்டத்தை மூடிவிட்டுப் போய்விடுவார். அதனால்தான் இன்றைய வடிவமைப்பாளர்கள் தற்செயலுக்கும் ஒரு கடிவாளம் போடுகிறார்கள். இப்போதைய டெட்ரிஸ், ஏழு வடிவங்களையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி ஒவ்வொன்றாகத் தருகிறது. பை காலியானதும் அடுத்த பை. ஆக, நீங்கள் காத்திருக்கும் நீளத்துண்டு வந்து போன பிறகு, நடுவில் அதிகபட்சம் 12 வேறு துண்டுகள்தான் வரலாம்.

தாயத்தின் நிஜமான திறமை வேறு இடத்தில் இருக்கிறது. 1, 5, 6, 12 (இரண்டு கட்டையும் வெறுமை என்றால் 12) விழுந்தால் மறுபடி உருட்டலாம். 16இல் ஆறு விழுகைகள் இப்படி. விழுந்ததையெல்லாம் சேர்த்துக்கொண்டு, எந்தக் காய்க்கு எதை வைப்பது என்று பிறகு முடிவு செய்யலாம். ஐந்தை வைத்து வெட்டுவதா, தாயத்தை வைத்து இன்னொரு காயை இறக்குவதா, மூன்றை வைத்து மலையேறுவதா? என்ன விழும் என்பது கட்டையின் கையில், விழுந்ததை வைத்து என்ன செய்வது என்பது நம் கையில். அதிர்ஷ்டத்தைச் சேர்க்க விரும்பும் யாருக்கும் நான் முதலில் காட்டுவது இந்த வரிசையைத்தான்: முதலில் அதிர்ஷ்டம், அப்புறம் முடிவு. இதைத் தலைகீழாக்கி, முடிவெடுத்த பிறகு பகடையை உருட்டினால், நன்றாக யோசித்தவர் தோற்கும்போது அவருக்குக் கோபம்தான் வரும்.

ஆடு புலி ஆட்டத்தில் இரண்டு பக்கமும் சமமில்லையே, அது எப்படி நியாயம்?

மூன்று புலி, 15 ஆடு, 23 புள்ளி. புலி தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டத் தெரியாது, சூழ்ந்து மறிக்க மட்டும் தெரியும். 15 ஆடுகளையும் இறக்கி முடிக்கும்வரை ஒரு ஆட்டைக்கூட நகர்த்த முடியாது. தொடக்கத்தில் புலி ராஜா. போகப் போகக் களம் நிறைந்து புலிக்கு மூச்சு முட்டும். ஒரே பலகையில் இரண்டு பேர் இரண்டு வெவ்வேறு ஆட்டம் ஆடுகிறார்கள்.

நியாயத்தைக் கொண்டுவருவது அந்த எண்ணிக்கை. 15ஐ 12 ஆக்கிப் பாருங்கள், புலிகளை அடைக்க ஆள் போதாது. 20 ஆக்கினால் புலிக்கு நகர இடமே இராது. நேபாளத்தின் பாக்சாலில் நாலு புலி, 20 ஆடு, 25 புள்ளி. பலகை மாறியதும் எண்ணிக்கையும் சேர்ந்தே மாறியிருப்பதைக் கவனியுங்கள். 2016இல் வந்த டெட் பை டேலைட் என்ற திகில் விளையாட்டில் ஒரு கொலைகாரன், தப்பிக்கும் நாலு பேர். பலம் ஒரு பக்கம், எண்ணிக்கை மறுபக்கம்: எலும்புக்கூடு அதேதான். பக்கம் மாற்றி இரண்டு முறை ஆடிப் பார்க்கும் நம் வழக்கம் இருக்கிறதே, அதையும் சேர்த்தே கற்றுக்கொள்ள வேண்டும்.

பரமபதத்தில் யோசிக்க ஒன்றுமே இல்லை. அதை ஆட்டம் என்று சொல்லலாமா?

முடிவெடுக்க இடமில்லாத ஒன்றை ஆட்டத்தில் சேர்க்க மாட்டோம் என்று சில வடிவமைப்பாளர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பரமபதம் வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழிக்க ஆடுவது. பட்டினி, தூக்கம் சொக்குகிற கண், மடியில் பேரப்பிள்ளை. அந்த நேரத்தில் யோசிக்கச் சொல்லும் ஆட்டத்தை யார் ஆடுவார்கள்? ஏணியில் ஏறும்போது சிரிப்பு, பெரிய பாம்பு கடித்தால் ஐயோ என்று ஒரு சத்தம், அது போதும். யார், எப்போது, எந்த மனநிலையில் ஆடுவார்கள் என்று தெரிந்து செய்யப்பட்ட ஆட்டம் அது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். முடிவெடுக்க இடமில்லாத வெறும் அதிர்ஷ்டத்தோடு பணத்தைச் சேர்த்தால் அது சூது. செல்போன் ஆட்டங்களில் காசு கொடுத்துத் திறக்கும் மர்மப் பெட்டிகள் அப்படிப்பட்டவை. பெல்ஜியம் 2018இல் அவற்றைச் சூதாட்டம் என்றே வகைப்படுத்தியது. என் மாணவர்கள் அதைச் செய்யக்கூடாது என்று நான் கேட்டுக்கொள்கிறேன்.

ஓடியாடும் ஆட்டங்களில் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?

1980இல் டோரு இவாத்தானி வடிவமைத்த பேக்மேனை எடுத்துக்கொள்வோம்: சந்து சந்தாகப் புள்ளிகளைத் தின்றுகொண்டே பேய்களிடமிருந்து தப்பி ஓடும் ஆட்டம். நாலு பேய்களும் ஒரே மாதிரி துரத்துவதில்லை. சிவப்பு, நேராக நம் பின்னால் வரும். இளஞ்சிவப்பு, நாம் போகும் திசையில் நாலு கட்டம் முன்னால் குறிவைத்து வழிமறிக்கும். தெருவில் நாலு பேர் சேர்ந்து ஒருவனைப் பிடிக்கும்போது, ஒருவன் பின்னால் ஓடுவான், இன்னொருவன் குறுக்குச் சந்தில் புகுந்து முன்னால் நிற்பான். அதே புத்திதான். அவ்வப்போது பேய்கள் துரத்துவதை விட்டுவிட்டுத் தத்தம் மூலைக்குப் போய்விடும், நாம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். பெரிய புள்ளியைத் தின்றால் துரத்தியவர் ஓட, ஓடியவர் துரத்துவார்.

கிளித்தட்டில், சில ஊர்களில் உப்புக்கோடு என்பார்கள், காவல் நிற்பவர் தன் கோட்டை விட்டு விலகக்கூடாது. அவர் எங்கே இருக்க முடியும், எங்கே இருக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அவரை ஏமாற்றிக் கடக்க முடிகிறது. பதுங்கிப் போகும் வீடியோ கேம்களில் காவலாளிகள் ஒரே பாதையில் திரும்பத் திரும்ப நடப்பதும் இதற்காகத்தான். எதிரி கணிக்கக்கூடியவனாக இருந்தால்தான் நாம் திட்டம் போட முடியும்.

சின்னக் குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து ஆட எப்படி வடிவமைப்பது?

நம்மிடம் உப்புக்குச் சப்பாணி இருந்தானே! அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வரும் நாலு வயதுத் தம்பியை விரட்டவும் முடியாது, ஆட்டத்தில் சேர்த்தால் அவனே எப்போதும் அவுட். அதனால் அவன் உப்புக்குச் சப்பாணி: எல்லோரோடும் ஓடலாம், ஒளியலாம், கத்தலாம்; பிடித்தாலும் அவுட் இல்லை. மற்றவர்களின் ஆட்டம் கொஞ்சமும் கெடாது. தான் விலக்கப்பட்டவன் என்ற எண்ணமே அவனுக்கு வராது. ஒருநாள் அவனே, இனி என்னையும் அவுட் ஆக்குங்கள் என்று கேட்பான்.

2017இல் வந்த மரியோ கார்ட் 8 டீலக்ஸில் வண்டி பாதையை விட்டு விழாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு வசதி உண்டு. ஐந்து வயதுக் குழந்தையும் அண்ணனோடு ஓட்டலாம். 2018இல் வந்த செலஸ்ட் மிகக் கடினமான ஆட்டம். அதிலும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் சாகாமல் ஆடவும் ஒரு உதவி முறை வைத்தார்கள். இவற்றைப் புதுமை என்று பாராட்டுகிறோம், பாராட்டத்தான் வேண்டும். நம் தெருப் பிள்ளைகள் யாரும் சொல்லித்தராமலே இதைச் செய்துகொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மனது நிறைந்துவிடுகிறது.

லெவல் என்பது நம் ஆட்டங்களில் உண்டா?

பாண்டியும் ஐந்தாங்கல்லும் முழுக்க லெவல்தான். சில்லை முதல் கட்டத்தில் எறிவது எளிது. கட்டம் தள்ளிப் போகப் போக எறிவதும் கடினம், நொண்டிப் போய் எடுப்பதும் கடினம். புதிதாக எதையும் சொல்லித்தராமல் தூரம் ஒன்றை வைத்தே கடினம் கூடுகிறது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக ‘ரைட்டா?’ என்று கேட்டுக் கேட்டு நடப்பது. ஐந்தாங்கல்லில் முதலில் ஒவ்வொன்றாக, பிறகு இரண்டிரண்டாக, பிறகு மூன்றும் ஒன்றும், பிறகு நாலும் ஒரே அள்ளில். கூடவே பாட்டு. பாட்டின் தாளம்தான் கல்லை எந்த நொடியில் பிடிக்க வேண்டும் என்று கைக்குச் சொல்லும்.

அப்படியானால் பல்லாங்குழியை அப்படியே ஆப் ஆக்கிவிட்டால் போதாதா?

நானும் முதலில் அதைத்தான் செய்தேன். சரியாக வரவில்லை. குழியைத் தொட்டால் முத்துகள் தாமாகவே ஓடி விழுந்தன. ஆச்சியிடம் கொடுத்தேன். இரண்டு முறை தொட்டுவிட்டு, ‘எனக்கு இதுல என்ன வேலய்யா?’ என்று கேட்டாள்.

அவள் கேட்டது சரி. மரப்பலகையில் முத்தை விரலிடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக நழுவவிடுவதும், அந்தச் சத்தமும், எண்ணிக்கை தப்பாமல் பார்த்துக்கொள்வதும்தான் பாதி ஆட்டம். நான் அதையெல்லாம் கணினியிடம் கொடுத்துவிட்டு, வேடிக்கை பார்க்கிற வேலையை அவளுக்குக் கொடுத்திருந்தேன். பசு விழுந்ததும் தானாகவே அவள் கணக்கில் சேர்ந்துவிட்டது. பார்த்துப் பிடிக்கும் பதைப்பு போய்விட்டது. அடுத்த முறை, விரலை இழுத்துக்கொண்டே போனால்தான் முத்து விழும், பசுவைத் தொட்டால்தான் கிடைக்கும் என்று மாற்றினேன். ஒரு மணி நேரம் முழுக்க ஆடினாள்.

கணினி எதை எடுத்துச் செய்ய வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று ஒவ்வொரு விதிக்கும் தனித்தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வீடியோ கேமில் இல்லாத எது பழைய ஆட்டங்களில் இருக்கிறது?

விதியை மாற்றும் உரிமை. மூன்று பேர்தான் வந்தார்களா, மூன்று பேருக்கு ஏற்ப மாற்றிக்கொள்வோம். சந்து குறுகலா, சுவரில் பட்டால் அவுட். சண்டை வரும், பேசித் தீர்ப்போம், அதுவே நாளைக்கு விதியாகும். பிடிக்காத விதி அடுத்த கோடை விடுமுறைக்குத் தங்காது. பல தலைமுறைப் பிள்ளைகள் இப்படி ஆடிப் பார்த்துச் சலித்து எடுத்ததுதான் இன்று நம் கையில் இருக்கிறது. எந்த நிறுவனமும் இத்தனை ஆண்டு, இத்தனை பேரை வைத்துச் சோதித்துப் பார்க்க முடியாது.

திரையில் நடுவர் கணினி. அதனோடு வாதாட முடியாது. ஆனாலும் ஆடுகிறவர்களுக்கு விதியைத் திறந்துவிட்ட இடங்களில் அற்புதம் நடந்திருக்கிறது. ஹாஃப்-லைஃப் என்ற கேமை ரசிகர்கள் மாற்றி அமைத்ததில் 1999இல் கவுன்டர்-ஸ்ட்ரைக் என்ற புதுக் கேம் வந்தது. வார்கிராஃப்ட் 3ஐ மாற்றியதில் டோட்டா வந்தது. நீங்கள் செய்யும் ஆட்டத்திலும் ஒரு ஜன்னலையாவது திறந்து வையுங்கள்.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

தரையில் ஆடு புலி வரையுங்கள். ஒரு நண்பரோடு பக்கம் மாற்றி நாலு முறை ஆடுங்கள். பிறகு ஒரே ஒரு எண்ணை மாற்றி மறுபடி நாலு முறை. யார் வென்றார், எந்த இடத்தில் அலுப்புத் தட்டியது என்று எழுதிவையுங்கள். இரண்டு விதியை ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் என்ன ஆனது என்று தெரியாமல் போகும்.

நிரலுக்குப் போகும்போது பல்லாங்குழி நல்ல முதல் பாடம். 0 முதல் 13 வரை 14 இடங்கள் கொண்ட ஒரு வரிசை போதும். 13க்கு அடுத்து மறுபடி 0 வர, 14ஆல் வகுத்த மீதியை எடுத்துக்கொள்ளுங்கள். கேம் செய்ய உதவும் கோடோ என்ற மென்பொருள் இலவசம், சாதாரண மடிக்கணினியிலும் ஓடும்.

ஊரில் பெரியவர்களிடம் விதிகளைக் கேட்டு எழுத விரும்புகிறேன். எப்படிக் கேட்பது?

‘எப்படி ஆடுவீங்க?’ என்று கேட்டால் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். கூடவே உட்கார்ந்து ஆடுங்கள். வேண்டுமென்றே தப்பாக ஒரு காயை நகர்த்துங்கள். ‘அது செல்லாது’ என்று ஒரு குரல் வரும், ஏன் செல்லாது என்பதும் அதோடு சேர்ந்தே வரும். முத்து தீர்ந்துபோனால் என்ன, இரண்டு பேர் ஒரே கட்டத்துக்கு வந்தால் என்ன, அழுகுணி ஆட்டம் ஆடினால் என்ன தண்டனை என்று ஓரத்து நிலைமைகளைக் கேளுங்கள். சொற்களை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். ஊர்ப்பெயரும் ஆண்டும் குறியுங்கள். ஒரே தெருவில் இரண்டு பேர் வேறு வேறு விதி சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். எங்கள் ஆச்சி இருந்தபோது பல்லாங்குழியின் ஒரு முறையைத்தான் நான் முழுதாக எழுதி வாங்கினேன். தனியாக ஒருவரே ஆடும் சீதைப்பாண்டி என்ற பல்லாங்குழி முறையை அவள் ஆடிக்கொண்டிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், உட்கார்ந்து கேட்கவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது அது தெரியும் என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு நோட்டோடு போய் உட்காருங்கள்.